நாணலோரமாக நட என்று சொன்னேன்

1

பதினோரு நாள் ஆகிறது. பக்கத்து அறையில் மகன் இருமினால் இன்னும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

"இன்னா நைனா, இருமக்கூடக் கூடாதா?" என்கிறான்.

ரவிக்குப் பதிமூன்று வயது. இந்த ராட்டர்டாம் நகரத்தில் பழவேற்காட்டுத் தமிழ் பேசுகிற பையன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அதையும் என்னிடமும் அவன் அம்மாவிடமும் மட்டும் பேசுகிறான். தூக்கத்தில் உளறுவது இந்த ஊர் மொழியில். காதால் கேட்டிருக்கிறேன்.

என் மேசைமேல் இரண்டு காகிதங்கள் கிடக்கின்றன. ஒன்று, நாங்கள் மூவரும் இந்த நாட்டுக் குடிமக்களாக விரும்புகிறோம் என்று நான் கையெழுத்திட வேண்டிய விண்ணப்பம். குடியுரிமை கிடைத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஊர் மன்ற அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றது என் அண்ணன் தேசப்பன் எழுதிய கடிதம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் நான் பிட்டர். வந்து பதினோரு வருடம் ஆகிறது. மனைவி சரோஜாவும் குழந்தையும் இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தார்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வேலை குறைந்துவிட்டது. ஆட்களை நிறுத்தினால் முதலில் வெளிநாட்டாரைத்தான் நிறுத்துவார்கள் என்று பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். அதனால் சரோஜா தினமும் ஒரு தடவை கேட்கிறாள்: "கையெழுத்துதானே? போடுய்யா. புள்ள இங்கதான வளரப்போறான்?"

வளரப்போகிறான், சரி. ஆனால் ஒரு நாட்டை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கிறோமே, அந்த நாடு எவ்வளவு காலம் நிற்கும்? அவன் பேரன், அவனுடைய பேரன் காலம் வரை? சிரிக்காதீர்கள். இவர்களுடைய கல்லறைகளின்மேல் ஏறி விளையாடி வளர்ந்தவன் நான். எனக்கு இந்தக் கவலை வராமல் யாருக்கு வரும்?

2

பழவேற்காட்டுக்கு வந்தவர்கள், இந்த நாட்டிலிருந்து அங்கே போன ஒல்லாந்தரின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். கப்பல், கேடயம், வரி வரியாக எழுத்து. வெயில் தாழ்ந்ததும் அந்தக் கல் இதமாகச் சூடாக இருக்கும். நானும் அண்ணனும் அதன்மேல் உட்கார்ந்துதான் கொடுக்காப்புளி தின்போம். ஆடுகள் மேயும். யாராவது ஈர வலையைக் கொண்டுவந்து விரிப்பார்கள். அடியில் படுத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் அந்தக் கரை முழுவதையும் தங்கள் கோட்டையிலிருந்து ஆண்டவர்கள் என்று பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கோட்டை இருந்த இடத்தில் கருவேல முள் மண்டிக் கிடந்தது. அங்கே நாங்கள் வெளிக்குப் போவோம்.

நான் கப்பலேறக் கிளம்பியபோது கடைத்தெருவில் காதர் பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தூருக்குப்பா போறே?" என்று கேட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் ஊருக்கேவா? போனதும் சொல்லு, உங்க ஆளுங்க எங்க ஊர்ல இன்னும் எழுந்துக்காம படுத்துனுகிறாங்கோன்னு. வந்து எழுப்பிக்கினு போகச் சொல்லு!"

அந்தக் கல்லறை எழுத்துகளில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். 'இங்கே ஓய்வெடுக்கிறார்' என்று அர்த்தம் என வாத்தியார் சொல்லியிருந்தார். வந்த முதல் வாரம், தங்கும் விடுதியில் ஓர் அம்மாள் கட்டிலைக் காட்டினாள். எனக்கும் உங்கள் மொழி தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. கட்டிலைச் சுட்டிக்காட்டி, 'இங்கே ஓய்வெடுக்கிறார் எத்திராஜ்' என்று அந்தப் பழைய மொழியில் நிதானமாகச் சொன்னேன். அம்மாள் கையிலிருந்த கம்பளியைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் அந்த விடுதியில் எனக்குப் 'பிணம்' என்றே பெயர் நிலைத்தது. வேலைக்குக் கிளம்பும்போது, "பிணம் எழுந்துவிட்டதா?" என்பார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

3

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்துவிட்டதால் ஞாயிறுதோறும் யாரும் கார் எடுக்கக் கூடாது என்று இங்கே அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆறு வண்டி பக்கம் பக்கமாக ஓடக்கூடிய நெடுஞ்சாலை, பெருக்கி வைத்த முற்றம்போல் வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்கிப் போனார்கள். ஒருவர் குதிரைமேல் வந்தார். நாங்கள் மூவரும் நடுச்சாலையில் நடந்தோம். சரோஜாவுக்கு ஒரே வியப்பு.

"இன்னாய்யா இது? எவனோ ஒருத்தன் எண்ணெய் ஊத்த மாட்டேன்னான், இவங்க ராஜ்ஜியமே நின்னுபோச்சே!"

"எல்லா ராஜ்ஜியமும் அப்படித்தான்" என்றேன்.

ரவி ஒரு பள்ளிப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தான். ஆயிரம் வருடம் கழித்து நம் நாடு இருக்குமா, ஒரு பக்கம் எழுது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "நைனா, நம்ப நாடுன்னா எந்த நாடு எழுதறது?" என்று கேட்டான்.

அவன் அம்மா சொன்னாள்: "வாத்தியார் எந்த ஊர்க்காரரோ அந்த நாட்ட எழுது. மார்க் போடறவரு அவருதான?"

"அமெரிக்கா இருக்கும்" என்றான் அவன். "நிலாவுக்குப் போய்ட்டாங்களே. ரஷ்யாவும் இருக்கும். அவ்ளோ குண்டு வச்சிருக்காங்கோ, யாரு அழிக்க முடியும்?"

கல்லறையில் படுத்திருப்பவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொன்னேன். அவர்களுக்கும் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கப்பல்கள் இருந்தன. பீரங்கி இருந்தது. இந்த நாட்டில் யாராவது ஒரு தகப்பன், பையனைக் கப்பலேற்றி அனுப்பும்போது, இந்தக் கொடி பறக்கும் இடத்தில் நம் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்றுதான் அனுப்பியிருப்பான். அந்தப் பிள்ளைமேல் உட்கார்ந்து நான் கொடுக்காப்புளி தின்றேன். இவ்வளவு பேசினேன். பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. நான்கு நாள் கடுங்குளிரில் அது உறைந்திருந்தது. பக்கத்து வீட்டு வில்லெம், அறுபது வயதுக்காரர், ஒரு நீள மர ஏணியைத் தூக்கிவந்து கரையில் கிடத்தினார். நீர் உறைந்தால் பிள்ளைகள் இறங்குவதற்கு முன்னால் யாராவது ஏணியைக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது இந்தத் தெரு வழக்கம்.

நான் ஏளனமாகச் சரோஜாவிடம் சொன்னேன்: "முழங்கால் தண்ணிக்கு ஏணியாம்."

ரவி இறங்கப் போனான். நான் பழவேற்காட்டு ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவன். முகத்துவாரத்துப் பக்கம் நடு நீரோட்டத்தில் இழுப்பு இருக்கும், கரையோரம் நாணல் நிற்கும் இடம் மேடு, அங்கே கால் தரையில் பாவும் என்பது எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் முதலில் சொல்வது அதைத்தான். அதையே என் பிள்ளைக்கும் சொன்னேன்.

"நடுவுல போவாதடா. நாணலோரமா நட."

அவன் சொன்ன பேச்சைக் கேட்டான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

நாணல் இருக்கும் இடத்தில் பனி உறுதியாகப் பிடிக்காதாம். தண்டுகள் காற்றையும் சூட்டையும் உள்ளே விடுகின்றன. மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும், ஆனால் கீழே கண்ணாடி போல மெலிந்திருக்கும். இன்னொன்றும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஏரி தானாக உண்டானது, கரை சரிந்து சரிந்து இறங்கும். இந்தக் கால்வாய் மனிதர்கள் வெட்டியது. கரையோரமே ஆளுக்குமேல் ஆழம்.

பழைய ஓடு உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பையனைக் காணோம். சிவப்புக் குல்லாய் மட்டும் நாணலுக்கிடையில் கிடந்தது.

முகத்துவாரத்தில் கடல் உள்ளே ஏறும் நேரத்தில் நீந்தியவன் நான். அன்று என் கால் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. தலை மேலே வந்தது, கை பனிப்பாளத்தின் விளிம்பைப் பிடித்தது, விளிம்பு உடைந்தது, மறுபடி பிடித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் ஓடினேன். "நில்! நடக்காதே, படு!" என்று வில்லெம் கத்தினார். என்னைத் தள்ளிவிட்டு ஏணியைப் பனிமேல் தள்ளினார், அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். அறுபது வயது மனிதர். நான் ஏணியின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் நான் செய்தது.

4

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நுரையீரலில் சளி, குணமாகிவிடும் என்றார்கள். சரோஜா மீன் குழம்பு வைத்து வில்லெம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய, "என்னைக் கொல்வதற்கு இதைவிட அந்தக் கால்வாயே மேல்" என்றார். பிறகு முழுவதும் தின்றார்.

அவரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது? "நான் கையெழுத்துப் போடப் போகிறேன். உங்கள் நாடு நிற்குமா?"

"எதைக் கேட்கிறாய்? இந்த வாரமா, ஆயிரம் வருடமா?"

"என் மகன் ஆயிரம் வருடம் என்று எழுத வேண்டும்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இருபது வயதில் பட்டாளத்தில் சேர்த்து ஜாவாவுக்கு அனுப்பினார்கள். அது என்றைக்கும் எங்களுடையது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தேசப்படத்தில் எங்கள் நிறம்தான் பூசியிருக்கும். ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, உயிரோடு திரும்பினேன். கையில் ஒரு பெட்டி. கொஞ்ச நாளில் படத்தில் நிறத்தை மாற்றிவிட்டார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை."

"வருத்தமா?"

"எனக்கு அங்கே வயிற்றுப்போக்கு. வருத்தப்பட நேரமில்லை" என்றார். பிறகு சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இந்தத் தரையே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பம்புகளை நிறுத்திவிட்டால் உன் கட்டில் மிதக்கும். ராஜா, மந்திரி எல்லாரும் அப்புறம் வந்தவர்கள். அதற்கு முன்பிருந்தே நாங்கள் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம்."

சட்டென்று கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். கால்வாய் மதகின் கம்பியில் குப்பை சேர்ந்திருக்குமாம். அதை அள்ளுவதற்குத் தெருவில் முறை வைத்திருக்கிறார்கள். "இந்த வாரம் என் முறை" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பூட்சை மாட்டினார்.

முறை என்கிற அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் அண்ணன் கடிதம் இருந்தது.

5

எங்கள் ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். அவை யாருக்கும் சொந்தமில்லை. கல்யாணமான ஒவ்வோர் ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகள் எல்லாம் கோயில் முன்னால் கூடி, சீட்டுப் போட்டு, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் எனக்கு, நாளை உனக்கு, நான் சப்பை இடத்துக்குப் போவேன். சீட்டுப் போடும்போது பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் 'கீறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'இருக்கிறேன்' என்பதை அப்படித்தான் சொல்வோம்.

இதில் சண்டை இல்லாமல் இல்லை. பக்கத்துக் குப்பத்தோடு மண்டை உடைந்திருக்கிறது. பெண்களுக்குப் பெயர் கிடையாது. என் அம்மா கடைசி வரை அதைச் சொல்லித் திட்டினாள். ஆனாலும் ஒல்லாந்தர் கோட்டை கட்டியபோதும் பாடு இருந்தது என்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்தான், போனான், அப்போதும் யாரோ ஒருவர் கோயில் முன்னால் நின்று பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் கப்பலேறிய வருடம் என் பெயரைக் கூப்பிட்டபோது அண்ணன் எழுந்து, "கீறான்" என்று சொல்லியிருக்கிறார். என் முறை வரும் நாளில் அண்ணனே வலை போடுகிறார். பதினோரு வருடமாக ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்:

'தம்பிக்கு, இங்கு அனைவரும் நலம். பெரியவன் வலைக்கு வரமாட்டேன்றான். கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வருதாம், கல்லு நட்டுக்கினு போறானுங்களாம், அங்க வேலைக்குப் போறேன்றான். போவட்டும். பொன்னேரில ரயிலு ஏறனா அரை மணிதான, சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடுவான். விஷயம் இன்னான்னா, நீ அந்த நாட்டு ஆளாவப் போறதா எழுதினதப் பெரியவங்க கிட்ட சொன்னேன். அப்டி ஆயிட்டா உன் பேர எடுத்துடறதா, வெக்கறதான்னு உன்னயே கேட்டு எழுதச் சொன்னாங்க. எடுத்தா எடுத்தது தான், திருப்பி சேக்க மாட்டாங்க. நீ இன்னா சொல்றியோ அதச் சொல்றேன். ரவிக்கு உடம்பு தேவலையா? அவன தண்ணிப் பக்கம் உடாத.'

ரவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அண்ணனுக்குத் தந்தி அடித்திருந்தேன். கடிதத்தின் கடைசி வரியை ஐந்தாறு தடவை படித்தேன். எங்கள் வம்சத்தில் ஒருவர் இன்னொருவரைத் தண்ணீர்ப் பக்கம் விடாதே என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

6

வெள்ளிக்கிழமை மூவரும் அலுவலகம் போனோம். எரிபொருளைச் சேமிக்கச் சூட்டைக் குறைத்துவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் எங்கள் பெயர்களே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தன. குடும்பப் பெயர் என்ற இடத்தில் எனக்கு அப்பா பெயர். சரோஜாவுக்கும் ரவிக்கும் என் பெயர். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பமா?" என்று இரண்டு முறை கேட்டாள். சரோஜா தமிழில் சொன்னாள்: "இத்தினி வருசமா எனக்கே அந்த சந்தேகம் கீது."

பிறகு ஒரு கேள்வி வந்தது. வெளிநாட்டில் நிலம், கட்டடம், வேறு உரிமை ஏதாவது இருக்கிறதா?

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஓர் உரிமை இருக்கிறது" என்றேன்.

"என்ன?"

"ஓர் ஏரியில் மீன் பிடிக்க என் முறை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எந்த அரசாங்கம் கொடுத்தது?"

யோசித்துப் பார்த்தேன். சென்னை அரசாங்கம் கொடுக்கவில்லை. இங்கிலீஷ்காரன் கொடுக்கவில்லை. அவளுடைய முன்னோர்களும் கொடுக்கவில்லை. "எந்த அரசாங்கமும் இல்லை."

"பத்திரம்?"

"கிடையாது. பெயரைக் கூப்பிடுவார்கள்."

"நீங்கள்தான் இங்கே இருக்கிறீர்களே?"

"என் அண்ணன் பதில் சொல்வார்."

எழுந்து உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அவர் ஒருமுறை எட்டி என்னைப் பார்த்தார். அவள் திரும்பி வந்து சொன்னாள்: "அரசாங்கம் கொடுத்தது என்றால் எங்களுக்குத் தெரிய வேண்டும். யாரும் கொடுக்காததை என்ன செய்வது என்று இங்கே விதி இல்லை. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்."

கோடு போட்டேன். கீழே கையெழுத்திட்டேன். ரவி பார்த்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆயிரம் வருடம் இருக்குமா, இந்தத் தாழ்ந்த தரை இருக்குமா, எனக்குத் தெரியாது. எங்கள் ஏரியும் தூர்ந்துபோகலாம். முகத்துவாரம் வருடத்துக்கு வருடம் அடைபடுகிறது என்று அண்ணன் முன்பே எழுதியிருக்கிறார். கெட்டியான இடம் எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளாக அந்த நினைப்பு இல்லை. பிள்ளைக்கு இனி எதைச் சொல்வதானாலும் இரண்டு தடவை யோசிப்பேன்.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் நின்றோம். பனி உருகிக் கால்வாய் கறுப்பாக ஓடியது. கரையில் ஏணி இன்னும் கிடந்தது. ரவி அதையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த ஏரி எவ்ளோ ஆழம் நைனா?"

"இடுப்பளவு. பல இடத்துல அதுகூட இல்ல. அக்கரை தெரியாது, அவ்ளோ பெருசு. ஆனா படகுலேர்ந்து எறங்கி நடு ஏரியில நிக்கலாம்."

"உழுந்துட்டா?"

"எழுந்து நிக்கணும். அவ்ளோதான்."

அவன் ஒரு கூழாங்கல்லைக் கால்வாயில் உதைத்துத் தள்ளினான். பிறகு, "என் பேரயும் கூப்புடுவாங்களா?" என்றான்.

"கல்யாணம் ஆனாத்தான் பேரு."

"ஐயே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவும் பிள்ளையும் சிரித்தார்கள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கல்யாணமாகும் நாளில் கோயில் முன்னால் நின்று யார் அவன் பெயரைச் சொல்வார்கள்? சொன்னாலும் அது எந்த ஊர்ப் பெயர் என்று அவனுக்கு ஞாபகம் இருக்குமா?

அண்ணனுக்கு இரண்டே வரி எழுதினேன். 'கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேரை எடுக்க வேண்டாம்; கூப்பிட்டால் எப்போதும் போலவே பதில் சொல்லுங்கள்.'

உறையை ஒட்டும்போது பக்கத்து அறையில் இருமல் கேட்டது. எழுந்தேன். போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தேன்.

"ரவி!"

பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது, கேலியா நிஜமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கீறேன் நைனா."